மன்னார் வளைகுடாவில் அயல் பாசி: வருவாயும் விலையும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் இடத்தில் கோவிந்தாபுரம் அமைந்துள்ளது. பாலக்காட்டு எல்லையில் உள்ள இத்தகைய ஊர்களில் சோதனைச் சாவடி அமைத்துக் கால்நடைகளையும் சரக்குகளையும் கண்காணிப்பது நெடுநாளைய வழக்கம். ஒரு பகுதியின் நோயோ கேடோ மறு பகுதிக்குச் செல்லாமல் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாகும். நிலத்தில் சாலை உண்டு. சாலைக்குக் குறுக்கே தடை வைக்கலாம். கடலில் அது இயலாது. அங்கு நீரோட்டமே சாலை. நீர் செல்லும் இடமெல்லாம் அதில் மிதக்கும் உயிரும் செல்லும். ஆகவே, கடலுக்குள் ஓர் அயல் உயிரினம் நுழையுமுன் எடுக்கப்படும் முடிவு நிலத்தில் எடுக்கப்படும் முடிவைக் காட்டிலும் கூடுதலான எச்சரிக்கையை வேண்டி நிற்கிறது.

அயல் உயிரினங்களால் விளைந்த துன்பங்களுள் பல, விரும்பி வரவழைக்கப்பட்டவற்றால் நேர்ந்தவை என்பது கருதத்தக்கது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும், நீர்நிலைகளை மூடி வளரும் ஆகாயத்தாமரையும் அழகுக்காகக் கொணரப்பட்டவை. சீமைக் கருவேலம் வறண்ட நிலத்தில் விறகுக்கு உதவும் என்று நடப்பட்டது. இன்று இராமநாதபுரம் மாவட்டத்தின் கண்மாய்களிலும் தரிசுகளிலும் அதனை வேரோடு களைவது பெருஞ்செலவு பிடிக்கும் பணியாகிவிட்டது. அதே மாவட்டத்தின் கடலில், ஏழை மீனவக் குடும்பங்களுக்கு வருவாய் தரும் நோக்குடன் பயிரிடப்பட்ட ஒரு சிவப்புப் பாசி, பவளப் பாறைகளின் மேல் படர்ந்து வளர்ந்த நிகழ்ச்சி, வளர்ச்சித் திட்டங்களை வகுப்போர் அனைவரும் அறிய வேண்டியதாகும்.

தீங்கு செய்பவை எவை?

வெளியிலிருந்து வந்த உயிரினங்கள் யாவும் தீங்கானவை அல்ல. மிளகாயும் மரவள்ளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. அவை இல்லாத சமையலை இன்று நினைத்துப் பார்க்கவும் இயலாது. புதிய இடத்தில் தன்னை உண்ணும் பகைவர் இன்றி, மனிதரின் துணையின்றித் தானே பெருகி, அவ்விடத்துக்குரிய உயிர்களின் இடத்தையும் உணவையும் ஒளியையும் பறித்துக்கொள்ளும் இனமே ஊடுருவும் இனம் எனப்படுகிறது. உயிர்ப்பன்மை பற்றிய அரசுகளுக்கிடையேயான அறிவியல் மன்றம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் உலகெங்கும் புதிய இடங்களில் புகுந்துள்ள இனங்கள் 37,000-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் தீங்கு விளைப்பவை 3,500-க்கும் மேற்பட்டவை. 2019-ஆம் ஆண்டில் இவற்றால் நேர்ந்த உலகளாவிய பொருளாதார இழப்பு 42,300 கோடி டாலரைத் தாண்டியது.

கடலில் இவை நுழையும் வழிகள் முதன்மையாக இரண்டு. முதலாவது கப்பல். சரக்கை இறக்கிய கப்பல் நிலைதடுமாறாமலிருக்க, துறைமுகத்து நீரைத் தன் அடித்தொட்டிகளில் ஏற்றிக்கொள்கிறது. மறு துறைமுகத்தில் சரக்கேற்றும்போது அந்நீரை வெளியேற்றுகிறது. அந்நீருடன் சிப்பிகளின் இளம் உயிர்களும் நுண்பாசிகளும் கடல் கடந்து சென்றுவிடுகின்றன. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்பவையும் உண்டு. இரண்டாவது வழி, வளர்ப்புக்கென மனிதர் வேண்டுமென்றே கொண்டுவருவது. முதல் வழியைக் கட்டுப்படுத்துவதற்காகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் நிலைநீர் உடன்படிக்கை 2004-இல் உருவாக்கப்பட்டு, 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது வழியின் கட்டுப்பாடோ ஒவ்வொரு நாட்டின் பொறுப்பாக உள்ளது.

காலத்தின் அருமை

கரீபியக் கடல் பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு கருவரிச் சிப்பி, 1960-களில் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் காணப்பட்டது. கப்பல்களின் அடிப்புறத்திலும் துறைமுகக் கட்டுமானங்களிலும் அடுக்கடுக்காக ஒட்டி வளரும் இச்சிப்பி பின்னர் மும்பைத் துறைமுகத்திலும் பரவி நிலைத்துவிட்டது.

இதே சிப்பி 1999 மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத் துறைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சதுர மீட்டரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பிகள் அதற்குள்ளாகவே பெருகியிருந்தன. அதிகாரிகள் உடனடியாகப் படகுத் துறைகளை மூடினர். குளோரின் சேர்மத்தையும் தாமிர சல்பேட்டையும் நீரில் கலந்தனர். அங்கிருந்து வெளியேறிய படகுகளைத் தேடிச் சோதித்தனர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் சிப்பி முற்றிலும் ஒழிக்கப்பட்டது. இவ்வெற்றிக்கு இரண்டு காரணங்கள் உண்டு. நோய் முதிருமுன் மருந்து கொடுக்கப்பட்டது ஒன்று. அப்படகுத் துறைகள் கதவிட்டு அடைக்கக்கூடிய நீர்த்தேக்கங்களாக இருந்தது மற்றொன்று. அங்கிருந்த ஏனைய உயிர்களும் அம்மருந்தால் மடிந்தன என்பதையும் மறத்தல் ஆகாது. திறந்த கடலில் இம்முறை எவ்வாற்றானும் பொருந்தாது.

அண்மைக் காலத்தில் மத்திய, தென் அமெரிக்கக் கரைகளுக்குரிய வேறொரு சிப்பியினம் கேரளத்தின் கொச்சி, அஷ்டமுடிக் காயல்களில் புகுந்து பரவியுள்ளது. சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பகுதியில் அதனை மீனவர் 'காக்கா ஆழி' என்று அழைக்கின்றனர். ஆற்றின் அடித்தளத்தைப் பாய் விரித்தாற்போல் அது மூடிவிடுவதால் இறால் பிடிப்புக்கு இடமின்றிப் போகிறது என்பது அவர்கள் முறையீடு. இச்சிப்பி எவராலும் வரவழைக்கப்பட்டதன்று. மன்னார் வளைகுடாவின் பாசியோ திட்டமிட்டு வளர்க்கப்பட்டது. படிப்பினை அதிலேயே மிகுதியாக உள்ளது.

பாசி வந்த வரலாறு

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும் மீன்களின் பிறப்பிடமாகவும் ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலமாகவும் விளங்குகின்றன. இப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

இத்தீவுகளைச் சுற்றி இயற்கையாக வளரும் பாசிகளைச் சேகரிப்பது கரையோர மகளிரின் பழைய தொழில். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்களால் வழங்கப்படும் இனங்கள் மதுரை முதலிய ஊர்களின் ஆலைகளுக்குச் சென்று அகர், ஆல்ஜினேட் ஆகிய பொருள்களாக மாறின. மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து கையால் பறிக்கும் இவ்வேலை கடினமானது. தேசியப் பூங்கா அமைந்தபின் தீவுப் பகுதிகளுக்குச் செல்வதற்குத் தடைகளும் ஏற்பட்டன. மாற்றுத் தொழில் ஒன்று தேவைப்பட்டது.

இந்நிலையில்தான் கப்பாஃபைகஸ் என்னும் சிவப்புப் பாசி வாய்ப்பாக அமைந்தது. பிலிப்பைன்ஸ் கடலுக்குரிய இப்பாசி 1984-இல் ஜப்பானிலிருந்து பெறப்பட்டு, மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தால் ஆராயப்பட்டது. பிற்பாடு மண்டபம் பகுதியில் கடலில் வளர்க்கும் முறை வகுக்கப்பட்டது. இதிலிருந்து கிடைக்கும் கேரஜீனன் என்னும் பசைப்பொருள் பாலேடு, பற்பசை, பதப்படுத்திய உணவு, மருந்து ஆகியவற்றில் பயன்படுகிறது. 2000-க்குப் பின் தனியார் நிறுவனத்தின் கொள்முதல் ஒப்பந்தம், வங்கிக் கடன், மகளிர் சுய உதவிக் குழு ஆகிய மூன்றும் இணைந்து இத்தொழிலைப் பரப்பின. வாங்கிய நிறுவனத்தின் பெயரைக் கொண்டு மக்கள் இதனைப் 'பெப்சிப் பாசி' என்றே வழங்கலாயினர்.

வருவாயின் கணக்கு

இத்தொழிலின் பொருளாதாரம் எளியது. 12 அடிக்கு 12 அடி அளவுள்ள மூங்கில் மிதவையில் கயிறுகளைக் கட்டி, ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசியைத் துண்டு துண்டாகப் பிணைத்து ஆழங்குறைந்த கடலில் மிதக்கவிடுவர். 45 நாளில் அது சராசரியாக 260 கிலோவாகப் பெருகும். அடுத்த சுற்றுக்கு 60 கிலோவை ஒதுக்கினால், மிஞ்சும் 200 கிலோ உலர்ந்தபின் ஏறத்தாழ 20 கிலோவாகும். ஒருவர் 45 மிதவைகளை வைத்திருந்தால் நாளுக்கு ஒன்றாக அறுவடை செய்யலாம். உரமில்லை, நன்னீர் தேவையில்லை, நிலம் வேண்டியதில்லை. புயலும் பருவக்காற்றும் வீசும் மாதங்களில் மட்டும் தொழில் தடைப்படும். மூழ்கிப் பாசி பறித்த பெண்ணுக்குக் கரையருகே நின்று செய்யத்தக்க வேலையும், கையில் தொடர்ந்து பணமும் கிடைத்தது சிறு மாற்றமன்று. இதனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆயினும் இவ்வருவாய்க்குக் காரணமான அதே இயல்பில்தான் இடரும் அடங்கியிருந்தது. கயிற்றில் கட்டிய ஒரு துண்டு 45 நாளில் நான்கு மடங்குக்கு மேல் பெருகுமாயின், கயிற்றிலிருந்து அறுந்து மிதந்துபோன துண்டும் ஏற்ற இடம் கிடைத்தால் பெருகும். விதையோ வேரோ வேண்டாத உயிர் இது. இங்குள்ள கடலில் வித்துகளால் இது பெருகாது, மேயும் மீன்கள் மிஞ்சிய துண்டுகளைத் தின்றுவிடும் என்பன தொடக்கத்தில் கூறப்பட்ட ஆறுதல்கள். துண்டுகளாலேயே பரவும் ஓர் உயிருக்கு வித்து இல்லாமை ஒரு தடையாகாது என்பது பின்னர் தெளிவாயிற்று.

குருசடையில் நேர்ந்தது

முன்னெச்சரிக்கை அறவே இல்லாமலில்லை. தமிழக அரசு 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறப்பித்த ஆணை, இப்பாசியின் வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடலுக்கும் வரையறுத்தது. இடைப்பட்ட தீவுப் பகுதி விலக்கப்பட்டது. ஆனால் ஆணையின் எல்லையை நீரோட்டம் அறியாது. பாம்பன் கால்வாய்க்கு அண்மையில் உள்ள குருசடைத் தீவின் பவளப் பாறைகளில் இப்பாசி படர்ந்து வளர்ந்திருப்பது 2008-இல் ஆய்வாளர்களால் அறிவிக்கப்பட்டது. பின்னர் சிங்கில் தீவு உள்ளிட்ட அடுத்த இடங்களிலும் அது காணப்பட்டது. பரவிய பரப்பு மிகச் சிறியதே என்று வாதிட்ட அறிவியலாளரும் உண்டு. பாசி பவளத்தின் மேல் வளர்ந்தது என்பதிலோ, அகற்ற வேண்டும் என்பதிலோ பெரும் ஐயம் எழவில்லை.

பவளத்துக்கு இது எவ்வாறு தீங்காகிறது என்பதை விளக்குதல் தகும். பவளப் பாறை கல்லன்று. சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டும் வீடு. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கித் தருகின்றன. தடித்த கிளைகளையுடைய அயல் பாசி மேலே பாய்போல் மூடிக்கொண்டால் ஒளி மறைகிறது, நீரோட்டம் தடைப்படுகிறது, வண்டல் தங்குகிறது. உணவற்ற பவளம் மெல்ல மடிகிறது. கிளைப்பவளங்களின் இடுக்குகளில் பாசி இறுகப் பற்றிக்கொள்வதால் அவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. இடுக்குகளில் ஒளிந்து வளரும் மீன்குஞ்சுகளுக்கும் இடமில்லாமற் போகிறது.

இப்பாறைகள் முன்னரே நலிவுற்றவை என்பதையும் கருத வேண்டும். சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டதால் இத்தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல்நீர் சூடேறியதால் 2010-இலும் 2016-இலும் பெருமளவில் பவளங்கள் வெளிறி மடிந்தன. ஏற்கெனவே நோயுற்ற உடலுக்குப் புதிய நோய் கூடுதலான தீங்கைச் செய்யும்.

அகற்றும் பணி ஏன் முடிவதில்லை?

வனத்துறையினர் நீரில் மூழ்குவோரின் துணையுடன் இப்பாசியைக் கையால் அகற்றும் பணியைப் பலமுறை மேற்கொண்டனர். பணி எளிதன்று. பவளத்தின் கிளையை முறிக்காமல் பாசியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இடுக்கில் விரலளவு துண்டு மிஞ்சினாலும் அது மீண்டும் தழைக்கும். பிடுங்கும்போது சிதறும் துண்டு வேறிடத்தில் பற்றும். ஆகவே ஒருமுறை அகற்றிய இடத்துக்கு மீண்டும் மீண்டும் செல்ல வேண்டியுள்ளது. கழனியில் களையெடுப்பு விளைச்சலோடு முடிகிறது. இக்களையெடுப்புக்கு அத்தகைய முடிவு இல்லை.

ஹவாய்த் தீவுகளின் அனுபவமும் இதுவே. ஓஆஹு தீவின் கானியோகி விரிகுடாவில் 1974-இல் இதே பாசியினம் ஆராய்ச்சிக்காகக் கொணரப்பட்டது. காலப்போக்கில் அது பவளத் திட்டுகளில் பரவியது. அங்குத் தெப்பத்தின் மீது உறிஞ்சு பொறி அமைத்து, மூழ்குவோர் பிரித்துக் கொடுக்கும் பாசியைக் குழாய் வழியே மேலே இழுத்தனர். அதன்பின் அக்கடலுக்கே உரிய கடல் முள்ளெலிகளைப் பொரிப்பகத்தில் வளர்த்து, மிச்சத்தை மேய்வதற்காகப் பாறைகளில் விட்டனர். அயல் இனத்தை அடக்க மற்றோர் அயல் இனத்தைத் தேடாமல் உள்ளூர் இனத்தையே பயன்படுத்தியது அம்முறையின் சிறப்பு. எனினும் பொறி, பொரிப்பகம், பயிற்சி பெற்ற ஆட்கள் ஆகியவை ஆண்டுதோறும் தேவைப்பட்டன. செல்வம் மிக்க நாட்டுக்கும் அது பெருஞ்சுமையே.

ஏட்டில் ஏறாத செலவு

ஒரு திட்டத்தின் வரவு செலவுக் கணக்கில் மூங்கிலும் கயிறும் கூலியும் இடம் பெறுகின்றன. உலர்ந்த பாசியின் விலை வரவாக எழுதப்படுகிறது. பவளப் பாறையிலிருந்து பாசியைப் பிடுங்கும் கூலி அந்த ஏட்டில் இல்லை. அதனை வேறொரு துறை, வேறோர் ஆண்டில், பொதுப்பணத்திலிருந்து செலுத்துகிறது. பாறை நலிந்து மீன்வளம் குறையுமாயின் அவ்விழப்பை எவரும் செலுத்துவதில்லை. கரையோர மீனவர் தாங்கிக்கொள்கின்றனர். பாசி வளர்க்கும் பெண்ணும், அப்பாறையருகே வலை விரிக்கும் அவளது கணவனும் ஒரே குடும்பத்தினர். ஒரு கையில் பெற்றதை மறு கையில் இழக்கும் நிலை அவர்களுக்கு நேரக்கூடாது.

வருவாய்க்கும் உறுதியில்லை என்பது 2013-க்குப் பின் தெரிய வந்தது. நீரின் வெப்பமும் நோயும் தாக்கி மிதவைகளில் பாசி பெருமளவில் மடிந்தது. உற்பத்தி வெகுவாகச் சரிந்தது. ஒரே தாய்ப்பாசியின் துண்டுகளையே ஆண்டாண்டாக நட்டு வந்ததால் அதன் ஊக்கமும் குன்றியது. மிதவையில் மடிந்த பாசி பாறையிலும் மடிந்தொழியும் என்று நம்பியிருப்பதற்கில்லை.

இன்று இவ்வினா மேலும் கூர்மையடைந்துள்ளது. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடற்பாசித் துறைக்கென 640 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டத்தில் 127.71 கோடி ரூபாய் மதிப்பீட்டில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. வெளிநாட்டு உயிர்ப்பாசியை இறக்குமதி செய்வதற்கான நெறிமுறைகளை மத்திய மீன்வளத் துறை 2024-இல் வெளியிட்டது. தனிமைப்படுத்திக் கண்காணித்தலும் இடர் மதிப்பீடும் அவற்றில் வலியுறுத்தப்பட்டுள்ளன. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டதும் நினைவிற்குரியது. பாசி வளர்ப்பும் கடற்புல் பாதுகாப்பும் ஒரே கடலில் அருகருகே நடைபெற வேண்டியுள்ளது.

செய்யத்தக்கவை

பாசி வளர்ப்பைக் கைவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும் முடிவன்று. செய்யத்தக்கவை நான்கு.

முதலாவது, இடத்தேர்வு. மிதவை எங்கு நிற்கிறது என்பதை மட்டும் பார்த்தல் போதாது. அறுந்த துண்டு பருவந்தோறும் எத்திசையில் செல்லும் என்பதை ஆராய்ந்தே உரிமம் வழங்க வேண்டும். மிதவையைச் சுற்றி வலையிட்டு, புயற்காலத்துக்கு முன் பாசியைக் கரையேற்றுவதைக் கட்டாயமாக்கலாம்.

இரண்டாவது, உள்ளூர் இனங்களுக்கு முன்னுரிமை. கஞ்சிப்பாசி இக்கடலுக்கே உரியது, அகர் தருவது, அதனையும் மிதவையில் வளர்க்கலாம். அது அயல் பாசியைப் போல் விரைந்து வளர்வதில்லை. அவ்வேறுபாட்டை ஆராய்ச்சியாலும் ஆதரவு விலையாலும் ஈடுசெய்வது, பிற்காலத்தில் பாறைகளைத் துப்புரவு செய்யும் செலவினும் சிக்கனமானது.

மூன்றாவது, உரிய காலத்தில் கண்டறிதல். தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளைப் பாசி பறிக்கும் மகளிரைப்போல் அறிந்தவர் எவருமிலர். அவர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் தந்து கண்காணிப்பில் ஈடுபடுத்தினால், கையளவில் இருக்கும்போதே பாசி அகற்றப்படும். தடையால் வருவாய் இழந்தவர்க்கு வேலையும் கிடைக்கும்.

நான்காவது, செலவைத் திட்டத்திலேயே சேர்த்தல். அயல் இனத்தை வளர்த்து வாங்கி விற்கும் நிறுவனங்களின் கொள்முதலில் ஒரு சிறு பங்கைத் தனி நிதியாகத் திரட்டி, பாறைகளைக் கண்காணிக்கவும் துப்புரவு செய்யவும் பயன்படுத்தலாம். ஆதாயம் பெறுபவரே காவலுக்கும் பங்களிப்பது நியாயமானது.

2022-இல் உலக நாடுகள் ஏற்ற உயிர்ப்பன்மைச் செயல்திட்டம், ஊடுருவும் அயல் இனங்களின் வருகையை 2030-க்குள் குறைந்தது பாதியாகக் குறைக்க வேண்டும் என்கிறது. அதற்கான உறுதியைத் துறைமுகத்தில் மட்டுமன்றித் திட்ட அறிக்கை தயாராகும் மேசையிலும் காட்ட வேண்டும். வரவழைக்குமுன் ஓராண்டு ஆராய்வதால் நேரும் தாமதம் சிறியது. வந்தபின் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கிக்கொண்டிருக்கும் உழைப்பு பெரியது. மன்னார் வளைகுடாவின் பாறைகளிடையே அவ்வுழைப்பு மீண்டும் மீண்டும் தேவைப்பட்டிருப்பதே இதற்குப் போதிய சான்றாகும்.